ஆளுக்குப் பாதி

மரக்காணம் பேருந்து நிலையத்துக்கு எதிரே, ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில், நான் ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். வாசல் பலகையில் 'முப்பது நாளில் சரளமாகப் பேசலாம்' என்று எழுதியிருக்கும். அதை எழுதிய பெயிண்டர் தூரிகையைக் கழுவிக்கொண்டே கேட்டார்: "சார், நீங்க எத்தினி நாள்ல பேசினீங்க?" நான் அவருக்கு டீ சொல்லிப் பேச்சை மாற்றினேன். முப்பத்து நான்கு வருடமாக முயன்று வருகிறேன் என்று எழுத அந்தப் பலகையில் இடம் போதாது.

எனக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியும், எழுதத் தெரியும், அடுத்தவர் எழுதியதில் சிவப்பு மையால் கோடு போடத் தெரியும். எதிரில் ஒருவர் உட்கார்ந்து 'டெல் மி அபவுட் யுவர்செல்ஃப்' என்று கேட்டால் மட்டும், என்னைப் பற்றி எனக்கே எதுவும் தெரியாமல் போய்விடும். சென்னையில் ஆறு கம்பெனிகளில் இப்படி என்னைப் பற்றித் தெரியாமல் எழுந்து வந்திருக்கிறேன். ஏழாவது கம்பெனிக்குப் பஸ் ஏறவில்லை. மாடி ஏறினேன்.

என்னிடம் இருக்கும் ஒரே சரக்கு ஒரு பட்டியல். நூற்றிருபது ஜோடி. ஆங்கிலத்தில் எந்தச் சொல்லோடு எந்த வேலை சேரும் என்ற பட்டியல். தப்பு என்றால் மேக்: மேக் எ மிஸ்டேக். வீட்டுப்பாடம் என்றால் டூ. குளியல் என்றால் டேக். சளி என்றால் கேட்ச், ஏதோ அது ஓடிக்கொண்டிருந்த மாதிரியும் நாம் துரத்திப் பிடித்த மாதிரியும். ஜோடிகளை மனப்பாடம் செய்துவிட்டால் பாதி வாக்கியம் தானாக வந்து விழும் என்பது என் வியாபார ரகசியம். மீதிப் பாதி எனக்கே வருவதில்லை என்பது அதைவிடப் பெரிய ரகசியம்.

மாசி மாதத்தில் ஒரு சாயங்காலம் இரண்டு பெண்கள் படியேறி வந்தார்கள். முன்னால் வந்தவர் லூர்துமேரி. நாற்பது வயது இருக்கும். ஒல்லி. கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தார். பின்னால் வந்தவர் மலர்கொடி. இரண்டு மூன்று வயது மூத்தவர், தோள் அகலம். இரண்டு பேர் காலிலும் முழங்காலுக்குக் கீழே தோல் வெளுத்து வெடித்திருந்தது. உப்பளத்து ஆட்கள் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

"சார், எனக்கு இங்கிலீஷ் வேணும்," என்றார் லூர்துமேரி, கடையில் பருப்பு கேட்பது போல.

"எதுக்குக்கா?"

"கீழ்புத்துப்பட்டு தாண்டி ரிசார்ட் ஒன்னு வந்துருக்குதுல்ல? ரூம் க்ளீன் பண்ற வேலைக்கு ஆளு எடுக்கறாங்க. வெள்ளக்காரங்கல்லாம் வந்து தங்கறதால கொஞ்சம் இங்கிலீஷ் பேசணுமாம். பங்குனி கடைசியில இண்டர்வியூ."

கண் முகாமில் டாக்டர் சொல்லிவிட்டாராம். இருபது வருடமாக வெயிலில் வெள்ளை உப்பையே பார்த்துப் பார்த்து இடது கண் மங்கிவிட்டது. வலது கண்ணும் அதே வழியில் போகிறது. இன்னும் இரண்டு சீசன் உப்பளத்தில் நின்றால், பிறகு எந்த வேலைக்கும் இண்டர்வியூவுக்குப் போக வேண்டியிருக்காது என்று சொன்னாராம். நிழலில் ஒரு வேலை. அது மட்டும்தான் லூர்துமேரிக்கு வேண்டியிருந்தது.

"நீங்க?" என்று மலர்கொடியைக் கேட்டேன்.

"நான் இவ ஜோடி. சும்மா வந்தேன். என்னை இன்னாத்துக்குக் கேக்கற?"

ஜோடி என்றால் என்னவென்று எனக்குப் பிறகுதான் புரிந்தது. அவர்கள் வேலை பார்க்கும் கன்னியப்பன் உப்பளத்தில் ஆண்கள் பாத்தியிலிருந்து உப்பை வாரி வரப்பில் குவிப்பார்கள். பெண்கள் அதைக் கூடையில் நிரப்பிச் சாலையோர அம்பாரத்துக்குச் சுமப்பார்கள். ஈர உப்பு நிறைந்த கூடையை யாராலும் தானாகத் தன் தலைக்கு ஏற்றிக்கொள்ள முடியாது. ஒருவர் தூக்கிவிட வேண்டும். அதனால் பொங்கல் முடிந்து பெயர் எழுதும்போதே கன்னியப்பன் ஒரு வரிக்கு இரண்டு பெயராகத்தான் எழுதுவார். மழை வரும்வரை அந்த ஜோடி மாறாது. நடுவில் ஒருத்தி நின்றுவிட்டால் இன்னொருத்தியும் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். ஒற்றை ஆளுக்கு அங்கே வேலை கிடையாது.

லூர்துமேரியும் மலர்கொடியும் பதினோரு வருடமாக ஒரே வரி. மலர்கொடி வரப்பில் வழுக்கி விழுந்து கழுத்தில் அடிபட்டதிலிருந்து அவர் நிரப்பித் தூக்கிவிடுவார், லூர்துமேரி சுமப்பார். மற்ற ஜோடிகள் பத்துக் கூடைக்கு ஒருமுறை மாறிக்கொள்ளும். இவர்கள் மாறுவதில்லை.

வகுப்பில் லூர்துமேரி முதல் பெஞ்சில் உட்கார்ந்து பென்சிலால் எழுதுவார். மலர்கொடி கடைசி பெஞ்சில், சுவரில் சாய்ந்துகொண்டு, என்னை மதிப்பிடுவார்.

"மேக் தி பெட்," என்றேன் ஒரு நாள். "இது ரொம்ப முக்கியம். உங்க வேலையே இதுதான். படுக்கையைத் தட்டி விரிப்பு போடுறது."

"மேக்குன்னா செய்யறதுன்னு முந்தாநேத்து சொன்ன," என்றார் மலர்கொடி பின்னாலிருந்து. "கட்டில ஆசாரி செய்வாரு. இவ எதுக்குச் செய்யணும்?"

"இங்கிலீஷ்ல அப்படித்தான்க்கா."

"ஏன் அப்படி?"

எட்டு வருடமாக யாராவது இந்தக் கேள்வியைக் கேட்பார்கள். எட்டு வருடமாக நான் "அப்படித்தான்" என்று சொல்லிவிட்டுக் கரும்பலகையைத் துடைக்க ஆரம்பிப்பேன். அன்றும் டஸ்டரைத் தேடினேன். அதற்குள் லூர்துமேரி எழுதுவதை நிறுத்தாமல் சொன்னார்:

"நாம மட்டும் இன்னாவாம்? உப்ப வார்றோம். தண்ணியப் பாய்ச்சுறோம். பாத்திய மிதிக்கிறோம். மீன ஆயறோம். போன வருசம் அந்த கூனிமேட்டுப் பொண்ணு புதுசா வந்து 'உப்பு எடுக்கட்டுமா'ன்னு கேட்டா. நீ எத்தினி நாளு சிரிச்ச?"

"ஆமா," என்றார் மலர்கொடி. கொஞ்சம் யோசித்துவிட்டு, "பாவம் அந்தப் பொண்ணு," என்றார்.

நான் டஸ்டரைக் கீழே வைத்தேன். அன்றிலிருந்து அந்த விளக்கத்தை எல்லா வகுப்பிலும் சொந்தச் சரக்கு போலச் சொல்லி வருகிறேன்.

நான்கு வாரத்தில் லூர்துமேரி நூற்றிருபதையும் முடித்துவிட்டார். நான் "பே" என்பேன், அவர் "அட்டென்ஷன்" என்பார். "டெல்" என்றால் "எ லை". "கீப்" என்றால் "எ ப்ராமிஸ்". வாக்குக் கொடுத்தால் கீப், காப்பாற்றவில்லை என்றால் ப்ரேக் என்று விளக்கியபோது, "அதுக்கும் ஒரு ஜோடி வெச்சிருக்கான் பாரு, அனுபவஸ்தன்," என்றார் மலர்கொடி. லூர்துமேரியின் பதில் அவ்வளவு வேகமாக வந்தது. பட்டம் வாங்கிய பிள்ளைகள் அரை நிமிடம் மேலே பார்ப்பார்கள். இவர் பார்ப்பதே இல்லை. நான் என் கற்பிக்கும் திறமையை நினைத்துப் பூரித்துப்போனேன். வீட்டில் என் மனைவி சந்தியாவிடம் ஒருமுறைக்கு மேல் சொன்னேன். "அப்ப நீங்களும் அந்தக்காகிட்ட கொஞ்ச நாள் படிங்க," என்றாள் அவள்.

இண்டர்வியூவுக்கு ஆறு நாள் இருக்கும்போது மலர்கொடி வரவில்லை. காய்ச்சல். லூர்துமேரி தனியாக வந்தார். சும்மா ஒரு மாறுதலுக்காக நான் கேள்வியைத் திருப்பிப் போட்டேன்.

"அக்கா, ஹோம்வொர்க். அதுக்கு முன்னாடி என்ன வரும்?"

அவர் என்னைப் பார்த்தார்.

"சரி, பாத். குளிக்கிறது. என்ன பாத்?"

பதில் இல்லை. கையில் பென்சில் உருண்டுகொண்டிருந்தது.

"மிஸ்டேக்?"

"தெரியுது சார். வாயில வர்ல."

"மேக்," என்றேன்.

"மிஸ்டேக்!" பட்டென்று வந்தது.

"டேக்?"

"எ பாத்!"

"சரி, நான் ஒன்னும் சொல்ல மாட்டேன். நேத்து ஒரு தப்புப் பண்ணேன்னு இங்கிலீஷ்ல முழுசா சொல்லுங்க."

அவர் வாயைத் திறந்தார். மூடினார். பிறகு மிகவும் இயல்பாக, இதில் என்ன இருக்கிறது என்பது போல, சொன்னார்: "மலரு சொல்லணும் சார். அப்பத்தான் எனக்கு வரும்."

மெதுவாகக் கேட்டு விவரத்தை வாங்கினேன். வீட்டில் படிக்க நேரமில்லை. அதனால் உப்பளத்தில் படித்திருக்கிறார்கள். மலர்கொடி கூடையைத் தூக்கும்போது மூச்சோடு சேர்த்து "மேக்!" என்பார். கூடை தலையில் உட்கார்ந்ததும் லூர்துமேரி "மிஸ்டேக்!" என்று முதல் அடி எடுத்து வைப்பார். அடுத்த கூடை, அடுத்த ஜோடி. ஒரு நாளைக்கு அறுபது கூடை. பட்டியல் இரண்டு நாளைக்கு ஒருமுறை முடியும், மறுபடி முதலிலிருந்து. இப்படி ஒரு மாதம். வேலையைப் பங்கு போட்ட மாதிரியே ஆங்கிலத்தையும் பங்கு போட்டிருந்தார்கள். ஆளுக்குப் பாதி. மலர்கொடிக்கு முன்பாதி, லூர்துமேரிக்குப் பின்பாதி. வகுப்பிலும் முதல் பாதியை எப்போதும் நானே சொல்லிக்கொடுத்ததால் என் கண்ணில் படவே இல்லை. நானும் ஒரு மலர்கொடியாகத்தான் இருந்திருக்கிறேன், கூடை தூக்காத மலர்கொடி.

முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. லூர்துமேரியும் சிரித்தார். பிறகு அவர் சுவரில் மாட்டியிருந்த நாள்காட்டியைப் பார்ப்பதற்காக எழுந்து, அதன் பக்கத்தில் போய், வலது கண்ணை மட்டும் வைத்துத் தேதியைப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

மறுநாள் விடிந்ததும் உப்பளத்துக்குப் போனேன். அந்த ஊரிலேயே பிறந்தவன். ஆனால் பாத்தி வரப்பில் நடந்து எத்தனையோ வருடம். வெயில் ஏறுவதற்கு முன்பே கண் கூசியது. மலர்கொடி காய்ச்சல் விட்டு வந்திருந்தார். வரப்பில் குந்தி, கையால் கூடையில் உப்பைத் தள்ளிக்கொண்டிருந்தார். லூர்துமேரி தலையில் சுமையோடு அம்பாரத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்.

"இன்னா வாத்தியாரே, உப்பளத்துக்கும் பாடம் எடுக்க வந்துட்டியா?"

நான் விஷயத்தைச் சொன்னேன். லூர்துமேரிக்கு முன்பாதி வேண்டும். அதற்கு ஒரே வழி, இன்னும் ஐந்து நாளைக்கு இரண்டு பேரும் இடம் மாறிக்கொள்வது. லூர்துமேரி தூக்கிவிடட்டும், முன்பாதியைச் சொல்லட்டும். மலர்கொடி சுமக்கட்டும், பின்பாதியைச் சொல்லட்டும். பழகிய கையும் மூச்சும் இல்லாமல் அந்தச் சொற்கள் வராது.

மலர்கொடி உப்பைத் தள்ளுவதை நிறுத்தவில்லை. "என் கழுத்து?" என்றார்.

எனக்கு அது மறந்தேபோயிருந்தது. வெட்கமாக இருந்தது. வெட்கப்படும்போது நான் தவறாமல் ஒரு முட்டாள்தனமான கேள்வி கேட்பேன். அதை அன்றும் கேட்டேன்.

"அக்கா, அவங்களுக்குப் பாதிதான் வருதுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

அவர் கை நின்றது. அண்ணாந்து என்னைப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"மொதல்ல தெரியாது," என்றார். "ரெண்டாவது வாரம் தெரிஞ்சுது. ஒரு நாளு சும்மா நான் வாயத் தொறக்காம கூடையத் தூக்கினேன். அவ அப்படியே நின்னுட்டா. தலையில பாரத்த வெச்சிக்கினு, மாடு மாதிரி, நான் சொல்றதுக்குக் காத்துக்கினு நிக்கிறா. அப்பவே தெரிஞ்சுது."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா? சொன்னேன். மேக்குன்னேன். மிஸ்டேக்குன்னு சொல்லிட்டு நடந்தா." கூடை விளிம்பிலிருந்த உப்பை விரலால் தட்டிவிட்டார். "அவளாண்ட சொல்லல. உன்னாண்டயும் சொல்லல. இண்டர்வியூவுல வாயில வரலன்னா என்னாண்டயே திரும்பி வந்துருவா, பதினோரு வருசம் மாதிரி இதுவும் போவுதுன்னு இருந்துட்டேன். அவ கண்ணு எனக்குத் தெரியாதா தம்பி? சாயங்காலம் அவ வூட்டுக்குப் போறப்ப கைய நான்தான் புடிக்கிறேன்."

தூரத்தில் லூர்துமேரி கூடையைக் கவிழ்த்துவிட்டு வெறும் தலையோடு திரும்பி வந்துகொண்டிருந்தார். சும்மாட்டுத் துணியால் முகத்தைத் துடைத்தார். எங்களைப் பார்த்துக் கையை ஆட்டினார், அல்லது எங்கள் திசையைப் பார்த்து.

"அவ போயிட்டா என் பேரையும் அடிச்சிடுவாரு கன்னியப்பன்," என்றார் மலர்கொடி. "மழை வர்ற வரைக்கும் வூட்ல குந்தினு நான் இன்னா பண்றது?"

நான் அப்போதுதான் அதைச் சொன்னேன். நல்லவன் என்று காட்டிக்கொள்ள நினைக்கும் நேரத்தில் நாக்கு எங்கோ போய்விடுகிறது. "உங்களுக்கு ஜோடி நான் பாத்துத் தர்றேன்க்கா. என் பொறுப்பு."

"நீயா?"

"ப்ராமிஸ்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு எழுந்து, இடுப்பிலிருந்த துண்டை உதறி, சும்மாடாகச் சுற்றித் தன் தலையில் வைத்துக்கொண்டார். லூர்துமேரி வந்து சேர்ந்ததும், "ஏ லூர்து, இன்னிலேர்ந்து நீ தூக்கு," என்றார்.

"ஏன், உனக்கு கழுத்து..."

"தூக்குடின்னா. தூக்கறப்ப மேக்குன்னு நீ சொல்லு. வாத்தியாரு உத்தரவு."

லூர்துமேரிக்கு அது கைகூடவில்லை. கூடை பாதி உயரத்தில் சாய்ந்து மலர்கொடியின் தோளெல்லாம் உப்பு. "மேக்" சொல்ல வேண்டிய நேரத்தில் "ஐயோ" என்றார். "ஐயோவுக்கு இங்கிலீஷ்ல ஜோடி இருக்குதா வாத்தியாரே?" என்று மலர்கொடி கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டார். இரண்டாவது கூடை ஏறியது. மலர்கொடி கழுத்தை ஒரு பக்கமாக இறுக்கி வைத்துக்கொண்டு அறுபது அடி நடந்தார். நான் வரப்பில் நின்று, கண் கூசுகிறது என்ற சாக்கில், வேறு பக்கம் பார்த்தேன்.

ஐந்து நாளும் அப்படித்தான் நடந்தது. கடைசி நாள் மலர்கொடி கழுத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு வகுப்புக்கு வந்தார். ஆனால் லூர்துமேரியிடம் நான் "ப்ராமிஸ்" என்றால், கொஞ்ச நேரம் கண்ணை மூடி, கையை லேசாக உயர்த்தி, "கீப்" என்று கொண்டுவந்துவிட்டார்.

வியாழக்கிழமை காலை மூன்று பேரும் ஈசிஆர் பஸ்ஸில் போனோம். ரிசார்ட் கேட்டில் செக்யூரிட்டி சிங்காரம் எங்களை நிறுத்தினார். "இண்டர்வியூ யாருக்கு?"

"இவளுக்கு," என்றார் மலர்கொடி.

"நீங்க ரெண்டு பேரு?"

"நான் ஜோடி. இவரு வாத்தியாரு."

"ரூம் பெருக்கற வேலைக்கு இவ்வளோ பரிவாரமா?" என்று லூர்துமேரியை மட்டும் உள்ளே விட்டார்.

உள்ளே கேள்வி கேட்பவர் நிவேதா என்ற இளம் பெண், சென்னையிலிருந்து வந்தவர் என்று சிங்காரம் சொன்னார். நாங்கள் வேலியோர நிழலில் உட்கார்ந்தோம். அரைமணி நேரம் கழித்து, எதிரிலிருந்த அறையின் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் லூர்துமேரி தெரிந்தார். நடுவில் பெரிய கட்டில். நிவேதா அவர் கையில் மடித்த விரிப்பைக் கொடுத்துவிட்டுத் தள்ளி நின்றுகொண்டார்.

"உள்ள பாக்கக்கூடாது," என்றார் சிங்காரம். எங்கள் முகத்தைப் பார்த்தார். "நான் டீ குடிச்சிட்டு வரேன். அதுக்குள்ள பாத்தா எனக்குத் தெரியாது."

லூர்துமேரி விரிப்பைப் பிரித்தார். கட்டிலின் இந்தப் பக்கம் நின்று, இரண்டு முனைகளைக் கையில் பிடித்து, எதிர்ப்பக்கம் வீசினார். அப்படியே நின்றார்.

நின்றுகொண்டே இருந்தார்.

எனக்குப் புரியவில்லை. மலர்கொடிக்குப் புரிந்துவிட்டது. "அந்தப் பக்கம் புடிக்க ஆளு வரும்னு நிக்கிறா," என்றார், மூச்சு மட்டும் வெளியே வரும் குரலில். அவருடைய இரண்டு கைகளும் தானாக எழுந்து, காற்றில் எதையோ பிடித்துக்கொண்டு நின்றன. "போடி. சுத்திப் போ. நான் வரமாட்டேன். நீயே போ."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அது கேட்டிருக்காது. நிவேதா கைக்கடிகாரத்தைப் பார்த்தது மட்டும் எங்களுக்குத் தெரிந்தது. என் ஆறு கம்பெனிகளும் அந்தக் கண்ணாடியில் வரிசையாகத் தெரிந்தன. அதே நிற்றல். அதே முகம். நான் எழுந்து போய்விடலாமா என்று நினைத்தேன்; என்னவோ, பரீட்சை எனக்கு என்பதைப் போல.

லூர்துமேரி விரிப்பைக் கீழே வைத்தார். கட்டிலைச் சுற்றி நடந்து எதிர்ப்பக்கம் போனார். விழுந்திருந்த முனையை இழுத்து மெத்தைக்கு அடியில் செருகினார். திரும்பச் சுற்றி இந்தப் பக்கம் வந்து செருகினார். மறுபடி அந்தப் பக்கம். உதடு அசைந்துகொண்டே இருந்தது. வேகம் கூடியது. நான்காவது சுற்றில் நிவேதா ஏதோ கேட்டார். லூர்துமேரி நின்று, கைகளைத் தலைக்கு மேல் உயர்த்தி எதையோ காட்டி, பேசினார். நிறையப் பேசினார். நிவேதா சிரித்தார், ஆனால் கேலியாக இல்லை என்பது அங்கிருந்தே தெரிந்தது.

வெளியே வந்த லூர்துமேரியின் முகம் வியர்த்திருந்தது. "ஒன்னாந்தேதி வரச் சொல்லிட்டாங்க," என்றார். உடனே மலர்கொடியைப் பார்த்தார். அவர் ஏற்கெனவே வேறு பக்கம் திரும்பிக் கழுத்துத் துணியைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"என்னக்கா பேசுனீங்க?" என்று கேட்டேன்.

"சுத்தி வர்றப்ப பயமா இருந்துச்சு சார். அதான், இந்தப் பக்கம் வந்தா மேக்குன்னேன், அந்தப் பக்கம் போயி பெட்டுன்னேன். டூ, லாண்ட்ரி. டேக், ஷவர். அவங்க இன்னா சொல்றீங்கன்னாங்க. மை வொர்க், டூ லேடீஸ். ஒன் லேடி லிஃப்ட் சால்ட், ஒன் லேடி கேரி சால்ட். டுடே நோ லேடி. ஐ கோ தேர், ஐ கம் ஹியர்னு சொன்னேன். தப்பா சார்?"

லிஃப்ட், கேரி இரண்டும் என் நூற்றிருபதில் இல்லை. எங்கே பிடித்தார் என்று தெரியவில்லை. "தப்பே இல்லக்கா," என்றேன்.

பஸ்ஸில் இரண்டு பெண்களும் ஒரே சீட்டில் உட்கார்ந்தார்கள். கூனிமேடு தாண்டியது. பிறகு லூர்துமேரி மெல்ல, "உன் கழுத்தெல்லாம் ரத்தம் கட்டியிருக்குது மலரு," என்றார். "கீழ குந்தினு வாயாடறதுக்கு எனக்கு இன்னா கழுத்தா வேணும்?" என்றார் மலர்கொடி. சொல்லிவிட்டு லூர்துமேரியின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். மரக்காணம் வந்து இறங்கும்போது, முன்னால் போன மலர்கொடி சட்டென்று திரும்பி என்னைப் பார்த்தார்.

"வாத்தியாரே. கீப்?"

"எ ப்ராமிஸ்," என்றேன், யோசிக்காமலேயே. ஒரு மாதப் பழக்கம்.

"ம்," என்றார்.

ஜோடி தேடினேன். உப்பளம் உப்பளமாக அலைந்தேன். பொங்கலுக்கே எல்லாரும் வரி வரியாக எழுதப்பட்டாகிவிட்டது. சித்திரையில் ஒற்றையாக யாரும் இல்லை. உழவு வேலைக்குப் போகிறவர்களைக் கேட்டேன். உப்புத் தண்ணீரில் கால் வைக்க மாட்டோம் என்றார்கள். ஒன்றாம் தேதி லூர்துமேரி நீலச் சேலை கட்டி, கம்பெனி வேனில் ஏறிப் போனார். இரண்டாம் தேதி விடியற்காலை நான் கன்னியப்பன் முன்னால் போய் நின்றேன்.

"இன்னா கௌதமா, காலையிலேயே?"

"லூர்துமேரி பேரு இருந்த இடத்துல என் பேரை எழுதிக்குங்க."

அவர் பீடியை வாயிலிருந்து எடுத்தார். பாத்தியில் வாரிக்கொண்டிருந்த ஆட்களும் நிமிர்ந்தார்கள். "ஏம்பா, ஆம்பளைங்க இங்க வார்றதுதான். செமக்கறது பொம்பளைங்க வேலை."

"எனக்கு வாரத் தெரியாதுண்ணே."

"செமக்கத் தெரியுமா?"

"அதுவும் தெரியாது. காலையில அஞ்சு மணிலேர்ந்து ஒம்போது மணி வரைக்கும் வர்றேன். வரியில ரெண்டு பேரு இருக்கணும், அவ்வளவுதானே?"

கன்னியப்பன் சிரித்துச் சிரித்து இருமினார். கடைசியில் நோட்டை எடுத்தார். மலர்கொடி பெயருக்குப் பக்கத்தில் அடிக்கப்பட்ட பெயருக்கு மேலே, நுணுக்கி, கௌதமன் என்று எழுதினார். என் பெயர் எந்த வேலைப் பட்டியலிலும் இடம்பெற்றது அதுவே முதல்முறை. சந்தியாவிடம் இதைச் சொல்லலாமா என்று நினைத்தேன். வேண்டாம், கழுத்து வலித் தைலம் கேட்கும்போது அவளுக்கே தெரிந்துவிடும்.

மலர்கொடி என் தலையில் சும்மாட்டை வைத்து அழுத்தினார். முதல் கூடை என்பதால் பாதிதான் நிரப்பினார் என்று பின்னால் தெரிந்தது. எனக்கு அது மரக்காணத்தையே தூக்கி வைத்த மாதிரி இருந்தது. பாத்தி வாரும் ஆட்களில் ஒருவன், "சார், முப்பது நாள்ல சரளமா செமக்கலாமா?" என்று கத்தினான்.

"அவன வுடு," என்றார் மலர்கொடி. "நான் இனிமே பின்பாதியச் சொல்றேன். எனக்கு அது அஞ்சு நாளு தான் பழக்கம், வர மாட்டேங்குது. நீ முன்பாதியச் சொல்லு. உனக்குத்தான் எல்லாம் தெரியுமே. சொல்லவா?"

"சொல்லுங்கக்கா."

"மிஸ்டேக்."

அதன் முன்பாதி, எட்டு வருடமாக நான் நாளுக்கு இருபது முறை சொல்லும் சொல். பட்டியலில் முதல் ஜோடி. கழுத்து நடுங்கியது. உப்புத் தண்ணீர் காதோரம் வழிந்தது. கண்ணெதிரே எல்லாம் வெள்ளை. வாயைத் திறந்தேன், மூச்சு மட்டும் வந்தது.

மலர்கொடி கொஞ்ச நேரம் காத்திருந்தார்.

"பரவால்ல," என்றார். "நட. திரும்பி வர்றப்ப சொல்லு."